படமில்லாத லேபிள்

அச்சுக்கு ஈய எழுத்துக் கோப்பவனின் பாடு எழுத்துக் கோப்பவனுக்குத்தான் தெரியும். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் படம் வரைகிறவருக்கு டீயும் வடையும் தேடி வரும். எனக்கு வருவது, "ஏலே ஆண்டிச்சாமி, அந்த எழுத்த இன்னும் சின்னதாக்கு" என்ற சத்தம் மட்டும்தான். மயில், மணி, கிளி, பாப்பா என்று வர்ணப் படங்களை முதலாளி கட்டுக்கட்டாக அடித்து அடுக்கி வைத்திருப்பார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே கொஞ்சம் வெள்ளை இடம் விட்டிருக்கும். தீப்பெட்டிக்காரர் வந்து மயிலைப் பிடித்திருக்கிறது என்றால் அந்த வெள்ளை இடத்தில் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ஏறும். ஊறுகாய்க்காரர் வந்து அதே மயிலைக் கேட்டால் ஊறுகாயின் பெயர் ஏறும். மயிலுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

அந்த வெள்ளை இடம்தான் என்னுடைய ராஜ்ஜியம். அங்கே நான் கோத்த எழுத்துகளை எத்தனையோ லட்சம் பேர் கையில் எடுத்திருப்பார்கள். உட்கார்ந்து படித்தவள் என்று எனக்குத் தெரிந்து ஒருத்திதான், எம். புதுப்பட்டி வெள்ளைத்தாய். படித்ததோடு விடாமல் என்னிடம் சண்டைக்கும் வந்தாள். அறுபதுகளில் எம். புதுப்பட்டி தொடங்கி அச்சங்குளம் வரைக்கும் தீப்பெட்டி ஷெட், பட்டாசு ஷெட் வாசல்களில் ஒரு மாவுப் பொட்டலம் விற்றதே, படமே இல்லாத லேபிளோடு, அது அவளுடையது. அந்த லேபிள் பிறந்த கதையைத்தான் சொல்ல வருகிறேன். கடைசிப் பகுதி நான் கண்ணால் பார்த்தது. முந்தினதெல்லாம் வெள்ளைத்தாயும் அவளோடு வேலை பார்த்த சேக்காளி மாடத்தியும் சொல்லக் கேட்டது.

வெள்ளைத்தாய்க்கு எம். புதுப்பட்டியில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் களை எடுத்துப் பிழைத்தவர்கள். அவள் காலத்தில்தான் குடும்பம் ஷெட்டுக்குள் வந்து நிழலில் உட்கார்ந்தது. லேபிள் ஒட்டும் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்தைப் பார்க்கவே மாட்டார்கள். படத்தின் தலை எது, கால் எது என்று தெரிந்தால் போதும், கை தானாக ஒட்டிக்கொண்டு போகும். அவர்கள் வாயில் கம்பெனிப் பெயர்கூட வராது. மயில் ஆர்டர், மணி ஆர்டர், பாப்பா ஆர்டர், அவ்வளவுதான். படங்களில் வெள்ளைத்தாய்க்கு மிஞ்சின ஆள் அந்த ஷெட்டில் இல்லை. கிளியின் மூக்கில் சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வாயும் அதற்கேற்ற வாய். மேஸ்திரி கண்ணுச்சாமி அவளைத் திட்ட வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவளைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பொன்னுத்தங்கம் என்று பெயர் வைத்தார்கள். புருஷன் சோலைச்சாமி லாரியில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிறவர். பேச்சைப் பெண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்த சாதுவான மனிதர். பிள்ளையைத் தரையில் விடாமல் வளர்த்தார்கள். ஒரு வயது திரும்பும்போது அது பலகையைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சங்கையா தன் கடையில் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அடுக்கினார். பிள்ளைகளுக்கான சத்து மாவு. மேலே கொழுகொழுவென்று ஒரு பாப்பா சிரித்துக்கொண்டிருந்தது. கடை வாசலில் நின்ற பெண்களுக்கு ஒரே ஆச்சரியம். அது அவர்கள் தினம் ஒட்டுகிற பாப்பா. அதே கன்னம், அதே சிவப்புச் சட்டை. வேறு ஊர்க்காரர்கள் என்றால் யாரோ ஒரு பாப்பா என்று போயிருப்பார்கள். இவர்கள் அப்படிப் போக முடியாதே.

"இது நம்ம பாப்பால்ல" என்றாள் வெள்ளைத்தாய். "நம்ம கம்பெனிதான் இதையும் போடுதுபோல. வாரம் தவறாம சம்பளம் குடுக்கிற கம்பெனி, பிள்ளைக சாப்பாட்டுலயா ஏமாத்தப் போகுது? நம்பி வாங்குங்க புள்ள."

படத்தில் அவள் சொன்னால் ஷெட்டுக்கு மறுபேச்சு ஏது? எல்லோரும் வாங்கினார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. மாவு வெள்ளை வெளேர் என்று இருந்தது. கேப்பையும் கம்பும் காட்டு வேலைக்காரர் சாப்பாடு என்று ஆகிப்போயிருந்த காலம் அது. ஷெட்டில் மதியம் கம்மங்கஞ்சி கொண்டுவருகிறவள் தூக்குச்சட்டி மூடியை முழுசாகத் திறக்கக் கூச்சப்படுவாள். அப்படியிருக்க, பெற்ற பிள்ளைக்கு வெள்ளைக் கஞ்சி ஊட்டுவது வெள்ளைத்தாய்க்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்! கேப்பைக் கூழை அடியோடு நிறுத்திவிட்டாள்.

பொன்னுத்தங்கம் வெள்ளைக் கஞ்சியை விரும்பிச் சாப்பிட்டது. வயிறு முன்னே தள்ளியது. கால் மட்டும் சூம்பிக்கொண்டே வந்தது. பிடித்து நின்ற பிள்ளை நிற்பதை விட்டது, பிறகு தவழ்வதையும் விட்டது. தலைமுடி செம்பட்டை பாய்ந்தது. கண்ணேறு என்று சுற்றிப்போட்டார்கள், கோடாங்கியைக் கூப்பிட்டுக் குறி கேட்டார்கள். வெள்ளைத்தாய் தன் பங்குக்குக் கஞ்சியில் மாவை இன்னும் ஒரு கரண்டி கூட்டினாள். பிள்ளை வரவர அழுவதைக்கூடக் குறைத்துக்கொண்டது. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. இந்தப் பிள்ளை தனக்குத் தங்காதோ என்ற நினைப்பை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சோலைச்சாமிக்கும் அதே நினைப்பு. அவரும் சொல்லவில்லை.

ஒருநாள் பிள்ளையை ஷெட்டுக்கே தூக்கி வந்து மடியில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம். அதற்குப் பக்கத்தில் மாடத்திக்கு நிறைய ஊற்றி வைத்த பசைக் கிண்ணம். இரண்டும் ஒரே மாதிரி அலுமினியக் கிண்ணம். தீப்பெட்டிப் பசை என்பது மரவள்ளி மாவைக் காய்ச்சுவதுதான். எலியும் பூச்சியும் அண்டாமல் இருக்க அதில் மயில்துத்தம் என்கிற விஷம் போடுவார்கள், லேசாக நீலம் பாய்ந்திருக்கும். சீசன் நேரம், லாரி வந்து நிற்கிறது, எல்லோர் கையும் பறக்கிறது. பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்கலாம் என்று வெள்ளைத்தாய் கையை நீட்டினால் கஞ்சிக் கிண்ணத்தைக் காணோம்.

"இன்னைக்குப் பசை நல்லா இழுவையா இருக்குக்கா" என்றாள் அடுத்த பலகையில் இருந்த மாடத்தி. "யார் காய்ச்சுனது?"

வெள்ளைத்தாய் திரும்பிப் பார்த்தாள். மாடத்தி முன்னால் இருந்தது பிள்ளையின் கிண்ணம். நீலமே இல்லை. பாதிக் கஞ்சி தீப்பெட்டிகளில் ஏறியிருந்தது.

"ஏ மாடத்தி, அது எம் பிள்ள கஞ்சி."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. வெள்ளைத்தாய் பிள்ளையை நிமிர்த்தினாள். துத்தம் கலந்த பசையை மாற்றிப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டோமோ என்று அதன் வாயைத் திறந்து பார்த்தாள், பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள். அது தொடாமல் அப்படியே இருந்தது. அந்தப் பயம் தீர்ந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மாடத்தி ஒட்டின ஒரு பெட்டியை எடுத்து லேபிளை உரித்தாள். காகிதம்தான் கிழிந்தது, ஒட்டு விடவில்லை. இன்னொரு பெட்டி. அதுவும் அப்படியே. மேஸ்திரி கண்ணுச்சாமி வந்தார், பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன கொற கண்டீக? நல்லாத்தான ஒட்டியிருக்கு. லோடு ஏத்தணும், கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கஞ்சி எப்படி இப்படி ஒட்டும் என்ற நினைப்பிலேயே வெள்ளைத்தாய் மிச்சப் பெட்டிகளை ஒட்டி முடித்தாள். வீட்டுக்குப் போனதும் டப்பாவை எடுத்து முந்தானையால் துடைத்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து மறக்கவில்லை, பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. பாப்பாவின் காலுக்குக் கீழே என்னுடைய எழுத்து இருந்தது, அரிசிக் குருணை அளவுக்கு. ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டினாள். 'மரவள்ளி மாவு, சர்க்கரை, வாசனை.' புருஷனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாள். அவரும் அதையேதான் வாசித்தார்.

"ஷெட்டுல மூட்டை மூட்டையா கெடக்கே, அதான" என்றார் சோலைச்சாமி.

"எம் பிள்ளைக்கு நான் பசைய ஊட்டியிருக்கேன்" என்றாள் வெள்ளைத்தாய். "ஊருக்கும் நாந்தான் சொல்லி ஊட்ட வச்சிருக்கேன்."

மறுநாள் பிள்ளையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸம்மா பிள்ளையின் காலை அமுக்கிப் பார்த்தார், டப்பாவையும் வாங்கிப் பார்த்தார்.

"மரவள்ளி ஒண்ணும் வெசமில்லம்மா. பசி அமத்தும். ஆனா எலும்பும் சதையும் பிடிக்கதுக்கு அதுல ஒண்ணும் கெடையாது. இத மட்டுமே குடுத்தா பிள்ள இப்படித்தான் ஆகும்."

"அப்ப எதுல இருக்கு?"

"நீ சின்னப் பிள்ளையில என்ன சாப்பிட்ட?"

"கேப்பைக் கூழு, பாசிப்பயறு, காட்டுல பிடுங்குன கீரை. இல்லாதவக சாப்பாடு."

"அதத்தான் குடு. முட்டை கெடச்சா அதையும் குடு" என்றார் நர்ஸம்மா.

திரும்பி வந்தவள் நேராக ஷெட்டுக்குப் போய், டப்பா வாங்கின எல்லோரிடமும் தன் வாயாலேயே விஷயத்தைச் சொன்னாள். சிலர் ஏசினார்கள். நீ சொல்லித்தானே வாங்கினோம் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஆமாம், என் தப்புதான் என்று ஒத்துக்கொண்டாள். இது அவள் வாழ்நாளில் அபூர்வம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு டப்பாக்களோடு சங்கையா கடைக்குப் போனாள்.

சங்கையா லேசுப்பட்டவர் இல்லை. "எந்த மாவக் காய்ச்சுனாலும் ஒட்டத்தான் செய்யும் தாயி. இதெல்லாம் ஒரு பேச்சா?"

அவர் கேட்டதும் நியாயம்தான். வெள்ளைத்தாய் அதற்குத் தயாராக வந்திருந்தாள். ஒரு கிண்ணத்தில் பாப்பாக் கஞ்சி, இன்னொன்றில் கேப்பையும் பயறும் சேர்த்த கஞ்சி. அவர் கடைப் பலகையிலேயே இரண்டு லேபிள் ஒட்டினாள். எங்கள் பக்கத்து வெயிலுக்குக் காயவைக்கச் சொல்லித்தரவா வேண்டும்? கொஞ்ச நேரத்தில் கேப்பை லேபிள் ஓரம் கிளம்பிச் சுருண்டு விழுந்தது. பாப்பா லேபிளைச் சங்கையாவே கத்தி வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. அப்படியும் அந்தச் சிவப்புச் சட்டை பலகையை விட்டு முழுசாகப் போகவில்லை.

"ஒட்டுனது குத்தமில்ல" என்றாள் வெள்ளைத்தாய். "உள்ள இருக்கதத்தான் எழுதிப் போட்டிருக்கான். அத நான் வாசிக்கல, நீங்களும் வாசிக்கல. இப்பமாச்சும் வாசிங்க."

சங்கையா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ இவளே, சின்னவனுக்கு அந்தக் கஞ்சியக் குடுக்காத, நிப்பாட்டு" என்று சத்தம் கொடுத்தார். அவரும் பாப்பாவை நம்பித்தான் கொள்முதல் செய்திருக்கிறார். டப்பாக்கள் அன்றே கடைத் தட்டிலிருந்து இறங்கின.

அதோடு வெள்ளைத்தாய் வீட்டு அடுப்பு மாறியது. கேப்பையை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்தாள். பாசிப்பயறை வறுத்தாள். பொரிகடலை, நிலக்கடலை எல்லாம் சேர்த்துத் திரிகையில் மாவாகத் திரித்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சினாள். முருங்கைக்கீரைக்கு ஊரில் பஞ்சமா? எல்லாமே சுற்றியிருக்கிற கரிசல் காட்டில் விளைவது. எங்கிருந்தும் டப்பாவில் அடைத்து லாரியில் வர வேண்டியதில்லை. மற்றப் பெண்களும் பிள்ளைகளுக்கு அதே போலக் காய்ச்சிக் கொடுத்தார்கள். அந்த டப்பாக் கஞ்சியில் மெலிந்துபோயிருந்த மாடத்தி மகன் சீக்கிரமே தேறிவிட்டான். ஷெட்டில் கம்மங்கஞ்சித் தூக்குச்சட்டிகளின் மூடி நன்றாகவே திறந்தது. திரிக்க நேரமில்லாதவர்கள் வெள்ளைத்தாயிடமே மாவு கேட்டார்கள், விலைக்குத் தரச் சொன்னார்கள்.

"மாட்டேன்" என்றாள் அவள். "ஒரு வாட்டி பிள்ளைக்குக் குடுத்துப் பாக்காம உங்களுக்குச் சொன்னேன். இந்த வாட்டி எம் பிள்ள எந்திரிச்சு நடக்கட்டும். நடந்தா தாரேன்."

பொன்னுத்தங்கம் அவ்வளவு சுலபமாக எழுந்துவிடவில்லை. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து தேறினதையெல்லாம் பறித்துக்கொண்டு போனது. கறுப்பு மாவு பிள்ளைக்குச் சேரவில்லை என்று தெருவில் பேசினார்கள். சோலைச்சாமியே ஒருநாள், "வேற எதுவும் பாப்பமா" என்று மெதுவாகக் கேட்டார். வெள்ளைத்தாய் மாவை மாற்றவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். முடி கறுத்தது. அழுகைக்குப் பழைய சத்தம் வந்தது. தவழ்ந்தது. பலகையைப் பிடித்து நின்றது. ஆனால் பிடியை விடவில்லை. மூன்று வயதை நெருங்கியும் விடவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் அவள் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் அவள் எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். மேஸ்திரி கண்ணுச்சாமி விடாமல் சொல்லி அனுப்பியிருந்தார், விற்கிற அன்றைக்கு விற்றுக்கொள், லேபிளுக்கு இப்போதே பேசி வை என்று. புருஷன் பின்னால் நிற்க, பிள்ளையை அங்கே கிடந்த காகிதக் கட்டின் மேல் உட்கார வைத்தாள். மடியிலிருந்து காலி டப்பாவை எடுத்து என் மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"இந்த எழுத்தக் கோத்தது யாரு?"

"நாந்தான். அதுக்கென்ன?"

"மனுசருக்குக் கோத்தீகளா, எறும்புக்குக் கோத்தீகளா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எனக்கு விட்ட எடம் அம்புட்டுத்தான். படத்துக்கு முக்காவாசிய எடுத்துக்கிட்டு மிச்சத்த எங்கிட்ட எறிஞ்சா நான் என்ன செய்ய? ஒரு எழுத்தாச்சும் தப்பா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"தப்பே இல்ல அண்ணாச்சி. படம்தான் பொய் சொல்லுச்சு, உங்க எழுத்து சொல்லல. அதுக்காகத்தான் உங்களையே தேடி வந்தேன்."

இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். முதலாளி படக்கட்டுகளை விரித்தார். மயில் வேண்டாம், கிளி வேண்டாம், எந்தப் படமும் வேண்டாம் என்றாள்.

"படமில்லாத லேபிள் யாரும்மா வாங்குவா?" என்றார் முதலாளி.

"படம் இருந்தா கண்ணு அங்கனயே நின்னுபோகுது மொதலாளி. என் கண்ணு நின்னுச்சுல்ல. முழுக்க எழுத்தா இருக்கட்டும். பெரிய எழுத்தா."

நான் பெரிய எழுத்துப் பெட்டியைத் திறந்தேன். என் வேலையில் அதை அதிகம் தொட்டதே கிடையாது. மேலே 'சத்து மாவு' என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"சத்துங்கிற சாமான் எந்த மூட்டையில வருது? நான் அதப் போடலையே. போட்டதத்தான் எழுதணும்."

அப்படியானால் கருப்பட்டியை முதலில் போடுவோம், இனிப்பென்றால் பிள்ளைகள் கேட்கும் என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "கேப்பைதான் கூட இருக்கு, அதான் மொதல்ல. பெறகு பயறு. கருப்பட்டி கொஞ்சூண்டுதான், அது கடைசி." நான் கோத்தேன். ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எல்லாம் முடிந்து எப்போது அடிக்கட்டும் என்று கேட்டால், இப்போது வேண்டாம், பிள்ளை நடந்த பிறகுதான் என்கிறாள்.

மறுபடி எனக்கு வந்தது கோபம். "கோத்த எழுத்த எத்தன நாளைக்குக் கட்டி வைக்கச் சொல்றீக? மத்த வேல பாக்க வேண்டாமா?" அவளும் விடவில்லை. முதலாளி குறுக்கே பேச, சோலைச்சாமி சமாதானம் சொல்ல, ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம். திரும்பினால் என் எழுத்துப் பெட்டி கவிழ்ந்து, சின்ன எழுத்து அத்தனையும் தரையில் கொட்டிக் கிடக்கிறது. எழுத்துக் கோப்பவனுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. நான் போட்ட சத்தத்தில் மிஷின் ஓட்டுகிறவர் மிஷினை நிறுத்திவிட்டார்.

வேறு யாரும் எழுத்தைப் பார்க்கவே இல்லை. அப்புறம்தான் அவர்கள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கவிழ்ந்த பெட்டிக்குப் பக்கத்தில் பொன்னுத்தங்கம் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஓர் ஈய எழுத்தோடு, எதையும் பிடிக்காமல். அவள் உட்கார்ந்திருந்த காகிதக் கட்டு அந்தச் சுவரோரம் இருந்தது. பெட்டி இந்தச் சுவரோரம். நடுவில் இருந்தது வெறும் தரை. பிடித்துக்கொண்டு வர அங்கே ஒரு துரும்பு கிடையாது.

வெள்ளைத்தாய் கையை மட்டும் நீட்டினாள். பிள்ளை இரண்டு காலையும் அகட்டி வைத்து, கொட்டிக் கிடந்த எழுத்துகளின் மேலேயே மிதித்துக்கொண்டு அவளிடம் நடந்து வந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, பிள்ளை வாய்க்குப் போகுமுன் அந்த ஈயத்தைப் பிடுங்கிவிட்டு, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். சோலைச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"அண்ணாச்சி," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைச் சிந்திக்கொண்டே. "இப்ப அடிங்க லேபிள. எம்புட்டுக் காகிதம் இருக்கோ அம்புட்டுக்கும் அடிங்க."

முதலாளி வாய் திறக்குமுன் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. கொட்டின எழுத்தைப் பொறுக்கி அறை அறையாகப் பிரித்துப் போட எனக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்காக நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.